நாஜிகளுக்குத் தண்ணி காட்டியவர். பாக்டீரியாவிடம் தோல்வியை ஒப்புக்கொண்டவர்: யார் இந்த ஜாக் மோனோ?

நீட் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு ‘லாக் ஓபரான்’ என்ற பெயரைக் கேட்டாலே ஒரு படம் கண்முன் வந்து நிற்கும். நீளமாக ஒரு பட்டை. அதில் ஐ, இசட், ஒய், ஏ என்று சில கட்டங்கள். நடுவில் வழிமறித்து உட்கார்ந்திருக்கும் ஒரு ‘ரிப்ரஸர்’. லாக்டோஸ் வந்தால் ரிப்ரஸர் கழன்றுகொள்ளும், ஜீன் வேலை செய்யும். நான்கு மதிப்பெண் கேள்வி. மனப்பாடம் பண்ணிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருப்பீர்கள்.

அந்த ஒரு படத்துக்குப் பின்னால் 20 வருட உழைப்பு இருக்கிறது. ஓர் உலகப் போர் இருக்கிறது. ஒட்டகச்சிவிங்கியின் காலுக்குள் ஒளித்துவைத்த ரகசியக் காகிதங்கள் இருக்கின்றன. எல்லாத்துக்கும் மேல, பல வருடங்களாகத் தான் நம்பிய கொள்கை தப்பு என்று தன்னுடைய சோதனையே சொன்னபோது, அதை அப்படியே ஏற்றுக்கொண்ட ஒரு மனிதர் இருக்கிறார். அவர்தான் ஜாக் மோனோ.

செல்களுக்குள் புரதம் எப்படித் தயாராகிறது, எப்போது தயாராகிறது, எப்போது நிறுத்தப்படுகிறது என்ற கேள்விகளுக்கு, மாற்றி அமைத்த பாக்டீரியாக்களை வைத்தே பதில் கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவர் இவர்.

கப்பலில் ஏறாததால் பிழைத்தவர்

மோனோ 1910 பிப்ரவரி 9 அன்று பாரிஸில் பிறந்தார். அப்பா ஓவியர், அம்மா அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தைச் சேர்ந்தவர். மோனோவுக்கு ஏழு வயதானபோது குடும்பம் தெற்கு பிரான்ஸின் கேன்ஸ் நகரத்துக்குக் குடிபோனது. இன்று திரைப்பட விழாவால் எல்லோருக்கும் தெரிந்த அதே கேன்ஸ்தான். டார்வினை விரும்பிப் படிக்கும் அப்பாவிடமிருந்து மகனுக்கு உயிரியல் ஆர்வம் தொற்றிக்கொண்டது.

சின்ன வயதில் போலியோ தாக்கியதில் ஒரு கால் பலவீனமாகிவிட்டது. அதுக்காக அவர் முடங்கிவிடவில்லை. பாறை ஏறினார், பாய்மரப் படகு ஓட்டினார், செல்லோ வாசித்தார்.

1928-ல் படிக்க பாரிஸ் வந்தார். 1934-ல் ஓர் ஆய்வுக் கப்பலில் கிரீன்லாந்து போய்வந்தார். 1936-ல் அதே கப்பல் மறுபடி கிளம்பியது. மோனோவும் போவதாகத்தான் இருந்தது. ஆனால், போரிஸ் எஃப்ரூசி என்ற மரபியல் ஆய்வாளர் அவரை அமெரிக்காவின் கால்டெக் நிறுவனத்துக்கு வரச் சொன்னார். மோனோ கப்பலை விட்டுவிட்டு அமெரிக்கா போனார். அந்த ஆண்டு செப்டம்பர் 16 அன்று ஐஸ்லாந்து அருகே புயலில் சிக்கி அந்தக் கப்பல் உடைந்தது. கப்பலில் இருந்தவர்களில் உயிர் தப்பியது ஒரே ஒருவர்தான்.

சரி, உயிரோடு கால்டெக் போனவர் அங்கே விழுந்து விழுந்து ஆராய்ச்சி செய்தாரா? இல்லை. இசைக்குழுக்களை நடத்துவதில்தான் அதிக நேரம் போனது. இசையையே தொழிலாக்கிக்கொள்ளலாமா என்ற யோசனைகூட அவருக்கு இருந்தது. 1938-ல் ஓதெத் புரூல் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். ஆசியக் கலைகளுக்குப் பெயர்போன பாரிஸின் கிமே அருங்காட்சியகத்தோடு தொடர்புடைய ஆய்வாளர் அவர். அடுத்த வருடம் இரட்டை ஆண் குழந்தைகள் பிறந்தார்கள்.

முப்பது வயதை நெருங்கும் மோனோவின் கையில் முடிக்காத முனைவர் பட்ட ஆய்வு மட்டும்தான் இருந்தது.

கிராஃபில் வந்த ஒரு சமதளம்

அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு ரொம்பச் சாதாரணமானது: பாக்டீரியா எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது? ஒரு திரவத்தில் பாக்டீரியாவையும் சர்க்கரையையும் போட வேண்டியது, நேரம் ஆக ஆக எண்ணிக்கை எப்படி ஏறுகிறது என்று கோடு வரைய வேண்டியது. அவ்வளவுதான்.

ஒரே ஒரு சர்க்கரை இருந்தால் கோடு நேராக மேலே ஏறியது. சர்க்கரை தீர்ந்ததும் நின்றது. எதிர்பார்த்ததுதான். பிறகு இரண்டு சர்க்கரைகளைச் சேர்த்துப் போட்டுப் பார்த்தார். உதாரணமாக, குளுக்கோஸும் பாலில் இருக்கும் லாக்டோஸும். இப்போது கோடு ஏறியது, நடுவில் கொஞ்ச நேரம் அசையாமல் சமதளமாக நின்றது, மறுபடி ஏறியது.

அதாவது, பாக்டீரியா முதலில் குளுக்கோஸை மட்டும் சாப்பிடுகிறது. அது தீர்ந்ததும் திகைத்து நிற்பதுபோல ஒரு இடைவெளி. அதற்குப் பிறகுதான் லாக்டோஸில் கைவைக்கிறது. அந்த இடைவெளியில் உள்ளே என்ன நடக்கிறது? இந்தக் கேள்விதான் மோனோவின் மிச்ச வாழ்க்கையைத் தீர்மானித்தது.

1940 டிசம்பரில் இந்த கிராஃபை பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த ஆந்த்ரே லுவோஃபிடம் காட்டினார். இது ஏற்கெனவே தெரிந்த விஷயத்தோடு தொடர்புடையதாக இருக்கலாம் என்று லுவோஃப் வழிகாட்டினார். லாக்டோஸை உடைக்க ஒரு நொதி, அதாவது என்சைம் வேண்டும். நொதி என்பது ஒரு புரதம். அந்தப் புரதம் பாக்டீரியாவிடம் எப்போதும் தயாராக இருப்பதில்லை. லாக்டோஸைக் கண்ட பிறகே தயாராகிறது.

ஓட்டலில் தோசையைச் சுட்டு அடுக்கிவைக்க மாட்டார்கள், ஆர்டர் வந்தால்தான் கல்லில் மாவை ஊற்றுவார்கள். அதுமாதிரிதான். இப்போ கேள்வி என்னன்னா, அந்த ஆர்டரை எடுப்பது யார்? சர்க்கரைக்கு வாயில்லை. பாக்டீரியாவுக்கு மூளையில்லை.

அன்றைக்குப் பலர் நம்பிய பதில் இது: செல்லுக்குள் பாதி தயாரான ஒரு புரதம் சும்மா இருக்கும். சர்க்கரை வந்து ஒட்டியதும், ஈரக் களிமண்ணில் அச்சு பதிவதுபோல அந்தப் புரதம் சர்க்கரைக்கு ஏற்ற வடிவத்தை எடுத்துக்கொள்ளும். சர்க்கரைதான் ஆசிரியர், செல் மாணவன். மோனோவும் ஏறக்குறைய இப்படித்தான் நம்பினார்.

பகலில் ஆய்வகம், மற்ற நேரம் தலைமறைவு

மோனோ அந்தக் கோடுகளை வரைந்துகொண்டிருந்தபோது பாரிஸ் ஹிட்லரின் படைகள் கையில் இருந்தது. மனைவி ஓதெத் யூதர். பாரிஸுக்கு வெளியே ஒளிந்து வாழ வேண்டிய நிலை.

மோனோ ஆரம்பத்திலேயே எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்தார். முதலில் ரகசியப் பத்திரிகை விநியோகம். பிறகு, கம்யூனிஸ்டுகள் நடத்திய ஆயுதக் குழு. அதற்காகவே கட்சியிலும் சேர்ந்தார். ‘மாலிவேர்’ என்பது அவருடைய புனைபெயர்களில் ஒன்று. சோர்போன் பல்கலைக்கழகத்தில் அவருடைய ஆய்வகத்துக்கு வெளியே, பாடம் செய்யப்பட்ட ஓர் ஒட்டகச்சிவிங்கி நின்றது. ரகசியக் காகிதங்களை அதன் கால் எலும்புக்குள் ஒளித்துவைத்தார்.

நெருங்கிய சகா ஒருவர் ஜெர்மன் ரகசியப் போலீஸிடம் பிடிபட்டதும் சோர்போன் பக்கம் போவதே ஆபத்தானது. லுவோஃப் தன் ஆய்வகத்தில் இடம் கொடுத்தார். பாஸ்டர் நிறுவனத்தின் மாடியில் கூரையை ஒட்டிய அறைகள் அவை. தலைமறைவு வாழ்க்கைக்கு நடுவிலும் அங்கே வந்து பாக்டீரியா வளர்த்தார். 1944 ஆகஸ்டில் பாரிஸ் மக்கள் எழுந்தபோது, மோனோ உள்நாட்டு எதிர்ப்புப் படைகளின் தலைமையகத்தில் இருந்தார். போருக்குப் பிறகு பிரான்ஸ், அமெரிக்கா இரண்டு நாடுகளும் அவருக்கு ராணுவப் பதக்கங்கள் கொடுத்தன.

பாரிஸ் விடுதலைக்குப் பிறகு ராணுவ அதிகாரியாக இருந்த மாதங்களில் இன்னொரு திருப்பம். அமெரிக்க ராணுவத்தின் நடமாடும் நூலகத்தில் ஒரு மரபியல் இதழ் அவர் கையில் கிடைத்தது. அதில் லூரியா, டெல்புரூக் இருவரும் 1943-ல் எழுதிய கட்டுரை இருந்தது. பாக்டீரியாவுக்கும் ஜீன் மாற்றங்கள் உண்டு, அவை தற்செயலாக நடக்கின்றன, தேவையைப் பார்த்து நடப்பதில்லை என்பதற்கான கணக்கு அது. சீருடையில் இருந்தபடியே மோனோ அதைப் படித்தார்.

கட்சியா, சான்றா?

1945-ல் பாஸ்டர் நிறுவனத்தில் முழுநேர வேலைக்குச் சேர்ந்தார். அதே வருடக் கடைசியில் கம்யூனிஸ்ட் கட்சியிலிருந்து விலகினார். வெளியே சொல்லவில்லை, சத்தம் போடவில்லை.

ஆனால், 1948-ல் வாயைத் திறக்க வேண்டிய நேரம் வந்தது. சோவியத் யூனியனில் லைசென்கோ என்ற வேளாண் நிபுணருக்கு ஸ்டாலினின் ஆதரவு இருந்தது. ஜீன் என்பதெல்லாம் முதலாளித்துவக் கட்டுக்கதை, சூழ்நிலையை மாற்றினால் பயிரின் பரம்பரைக் குணத்தையே மாற்றிவிடலாம் என்பது லைசென்கோவின் வாதம். அந்த ஆண்டு ஆகஸ்டில் இதுவே அரசின் அதிகாரபூர்வ அறிவியல் ஆனது. மரபியல் ஆய்வாளர்கள் வேலை இழந்தார்கள். லைசென்கோவை எதிர்த்த பெரும் தாவரவியலாளர் வாவிலோவ் அதற்கு முன்பே, 1943-ல், சிறையில் இறந்திருந்தார்.

பிரான்ஸின் கம்யூனிஸ்டுகள் பலர் லைசென்கோவை ஆதரித்தார்கள். அதே வருடம் செப்டம்பரில் ‘கொம்பா’ நாளிதழில் மோனோ ஒரு கட்டுரை எழுதினார். லைசென்கோவின் வெற்றி சோதனைகளால் வந்ததில்லை, அதிகாரத்தால் வந்தது என்று போட்டு உடைத்தார். போரில் தோளோடு தோள் நின்ற தோழர்களோடு உறவு அறுந்தது. எழுத்தாளர் ஆல்பெர் காம்யுவின் நட்பு கிடைத்தது இந்தக் காலத்தில்தான்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. சூழ்நிலை வந்து உயிருக்குப் பாடம் நடத்துகிறது என்ற லைசென்கோவின் கருத்தைப் பொதுவெளியில் எதிர்த்த மோனோ, தன் ஆய்வகத்தில் சர்க்கரை வந்து செல்லுக்குப் பாடம் நடத்துகிறது என்ற எண்ணத்தை இன்னும் முழுசா விடவில்லை. அடுத்தவர் கொள்கையைத் தப்பு என்று சொல்வது ஒரு வகை தைரியம். தன் கொள்கையைத் தப்பு என்று சொல்வது?

பழைய நம்பிக்கை உடைந்த விதம்

ஜீன்களை வெட்டி ஒட்டும் தொழில்நுட்பம் எதுவும் அப்போது கிடையாது. பாக்டீரியாவை மாற்றி அமைக்கணும்னா, கோடிக்கணக்கில் வளர்த்து, அதில் பழுதான ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். மோனோவும் அவருடைய மாணவி அலிஸ் ஓதுரோவும் 1940-களின் நடுவில் அதைத்தான் செய்தார்கள். லாக்டோஸைச் சாப்பிடத் தெரியாத ஈ.கோலை பாக்டீரியாவில், திடீரென அதைச் சாப்பிடக் கற்ற வகை தோன்றுவதைக் கண்டார்கள். அந்தத் திறமை லாக்டோஸால் வரவில்லை, ஜீனில் தற்செயலாக நடந்த மாற்றத்தால் வந்தது. ஆக, திறமையைக் கொடுப்பது ஜீன். அதைத் தூண்டுவது மட்டுமே சர்க்கரையின் வேலை.

1948-ல் அமெரிக்காவிலிருந்து மெல்வின் கோன் வந்து சேர்ந்தார். லாக்டோஸ் மாதிரியே இருக்கும் பல போலி மூலக்கூறுகளைக் கொண்டு இருவரும் சோதித்தார்கள். சில போலிகளை நொதியால் உடைக்கவே முடியாது, ஆனால் அவை நொதி உற்பத்தியைத் தூண்டின. சில போலிகளை நொதி நன்றாக உடைத்தது, ஆனால் அவை உற்பத்தியைத் தூண்டவில்லை. களிமண் அச்சுக் கதை உண்மையானால் இப்படி நடக்கவே கூடாது.

1955-ல் கடைசி ஆணி. பாக்டீரியாவின் பழைய புரதங்களில் கதிரியக்கக் கந்தகத்தால் அடையாளம் போட்டுவிட்டு, பிறகு நொதி உற்பத்தியைத் தூண்டிப் பார்த்தார்கள். புது நொதியில் அந்த அடையாளம் இல்லை. பழைய புரதம் வடிவம் மாறவில்லை. ஒவ்வொரு நொதியும் அமினோ அமிலங்களிலிருந்து அடியோடு புதுசாகக் கட்டப்படுகிறது.

மோனோ பழைய கொள்கையைக் கைவிட்டார். ஆனால் அதன் இடத்தில் இன்னொன்றை வைத்தார். எல்லாப் புரதங்களுக்கும் ஒரு தூண்டுகோல் வேண்டும் என்பதுதான் அது. லாக்டோஸே இல்லாமல் எந்நேரமும் நொதியை உற்பத்தி செய்யும் சில பழுதான பாக்டீரியாக்கள் அவரிடம் இருந்தன. அவை எப்படி இயங்குகின்றன? அவை தங்களுக்குள்ளேயே தூண்டுகோலைத் தயாரித்துக்கொள்கின்றன என்று விளக்கம் சொன்னார். தர்க்கத்தில் ஓட்டை இல்லை. அழகாகவும் இருந்தது.

‘பைஜாமா’ சோதனை

மாடியின் அதே நடைவழியின் மறுமுனையில் ஃபிரான்சுவா ஜாக்கோப் வேலை பார்த்தார். அறுவை சிகிச்சை நிபுணராகும் கனவோடு படித்தவர். 1944-ல் போரில் பட்ட காயத்தால் அந்தக் கனவு போய், ஆராய்ச்சிக்கு வந்தவர். பாக்டீரியாக்கள் இணையும்போது ஒன்றின் டி.என்.ஏ இன்னொன்றுக்குள் நூல்போல மெதுவாக நுழையும். அதைக் கடிகாரம் வைத்துக் கணக்கிடுவதில் ஜாக்கோப் கில்லாடி.

1957-ல் அமெரிக்காவின் பெர்க்லியிலிருந்து ஆர்தர் பார்டி வந்தார். மூவரும் சேர்ந்தார்கள். பார்டி, ஜாக்கோப், மோனோ: பா-ஜா-மோ. ஆய்வகத்தில் அது ‘பைஜாமா’ ஆகிவிட்டது.

சோதனை இதுதான். ஒரு பக்கம் ‘கொடுக்கும்’ பாக்டீரியா. அதில் நொதிக்கான ஜீன் நன்றாக இருக்கிறது, கட்டுப்படுத்தும் ஜீனும் நன்றாக இருக்கிறது. லாக்டோஸ் இல்லாததால் நொதி உற்பத்தி இல்லை. இன்னொரு பக்கம் ‘வாங்கும்’ பாக்டீரியா. அதில் இரண்டு ஜீன்களுமே பழுது. அதாலும் நொதி உற்பத்தி செய்ய முடியாது. லாக்டோஸ் சுத்தமாக இல்லாத திரவத்தில் இரண்டையும் இணையவிட்டார்கள்.

நல்ல ஜீன் உள்ளே நுழைந்த சில நிமிடங்களில் நொதி முழு வேகத்தில் தயாராக ஆரம்பித்தது. ஆனால், கொஞ்ச நேரம் போனதும் உற்பத்தி நின்றுபோனது. லாக்டோஸ் போன்ற பொருளைச் சேர்த்தால்தான் மறுபடி ஓடியது.

மோனோவின் கொள்கைப்படி என்ன நடந்திருக்க வேண்டும்? வாங்கும் பாக்டீரியா உள்ளுக்குள் தூண்டுகோலைத் தயாரிக்கிறது என்றால், உற்பத்தி நிற்கவே கூடாது. நின்றது. அப்படின்னா நுழைந்த ஜீன்களில் ஒன்று, நிதானமாக எதையோ தயாரித்து உற்பத்தியை நிறுத்தியிருக்கிறது. அது தூண்டுகோல் இல்லை, பிரேக்.

எல்லாமே தலைகீழானது. செல்லை லாக்டோஸ் முடுக்கிவிடவில்லை. செல் எந்நேரமும் ஓடத் தயாராகத்தான் இருக்கிறது; அதை ஒரு பிரேக் பிடித்துவைத்திருக்கிறது. லாக்டோஸ் செய்வதெல்லாம் அந்த பிரேக்கை விடுவிப்பது மட்டும்தான். எப்போதும் ஓடும் பழுதான பாக்டீரியாவுக்கு விசேஷத் திறமை எதுவும் இல்லை. அதற்கு பிரேக் இல்லை, அவ்வளவுதான்.

இப்படி இருக்கலாம் என்று இயற்பியலாளர் லியோ சிலார்ட் ஏற்கெனவே மோனோவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மோனோவுக்கு உடனே அது பிடிபடவில்லை. சோதனை முடிவு வந்ததும் ஏற்றுக்கொண்டார். சிலார்டின் பங்கை, பிற்பாடு நோபல் உரையிலேயே பதிவும் செய்தார்.

பிரேக்குக்கு ‘ரிப்ரஸர்’ என்று பெயர் வைத்தார்கள். அது எங்கே பிடிக்கிறது என்று பார்க்க, லாக் ஜீன் பகுதி இரண்டு பிரதிகள் இருக்கும் பாக்டீரியாக்களை ஜாக்கோப் உருவாக்கினார். ஒரு வீட்டில் இரண்டு கதவு, ஒரே வாட்ச்மேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாட்ச்மேன் நடமாடக்கூடியவர். ஒரு பிரதியிலிருந்து வரும் ரிப்ரஸர் இரண்டு பிரதிகளையும் பூட்டிவிடும். ஆனால், ஒரு கதவின் தாழ்ப்பாளே உடைந்திருந்தால் எந்த வாட்ச்மேனாலும் அந்தக் கதவைப் பூட்ட முடியாது. மற்றக் கதவுக்கு ஒன்றும் ஆகாது. ஜீன் ஓரமாக இருக்கும் அந்தத் தாழ்ப்பாள்தான் ‘ஆபரேட்டர்’. ஒரே தாழ்ப்பாளில் வரிசையாக மாட்டியிருக்கும் ஜீன்களின் தொகுப்புதான் ‘ஓபரான்’. பாடப்புத்தகப் படம் பிறந்த கதை இது.

சமையலறைக்குப் போன சீட்டு

பைஜாமா சோதனை இன்னொரு கேள்வியையும் கிளப்பியது. ஜீன் நுழைந்த சில நிமிடங்களில் எப்படி முழு வேகம் வந்தது?

புரதம் கட்டும் சமையலறை ரைபோசோம் என்பது அப்போது தெரியும். ஒவ்வொரு ரைபோசோமிலும் ஒரு நிரந்தரச் செய்முறை பதிந்திருக்கும் என்று பலர் நினைத்தார்கள். அப்படியானால் புது ஜீனுக்குப் புது ரைபோசோம்கள் ஒவ்வொன்றாகக் கட்டப்பட வேண்டும், வேகம் படிப்படியாகத்தான் ஏற வேண்டும். ஆனா அப்படி ஏறவில்லை. இன்னொரு சோதனையில், நுழைந்த ஜீனைக் கதிரியக்க பாஸ்பரஸ் மூலம் அழித்துப் பார்த்தார்கள். நொதி உற்பத்தியும் நின்றது.

அப்படின்னா, கல்லாவில் இருக்கும் செய்முறைப் புத்தகத்திலிருந்து சமையலறைக்கு ஏதோ ஒரு துண்டுச் சீட்டு போகிறது. வேலை முடிந்ததும் அது கிழித்துப் போடப்படுகிறது. புதுச் சீட்டு வராவிட்டால் சமையல் இல்லை.

1960 ஏப்ரலில், புனித வெள்ளி அன்று, கேம்பிரிட்ஜில் ஃபிரான்சிஸ் கிரிக், சிட்னி பிரென்னர் உள்ளிட்டோரிடம் ஜாக்கோப் இதை விளக்கினார். கேட்டுக்கொண்டிருந்தபோதே அவர்களுக்குப் பொறி தட்டியது. அந்தக் கோடையில் ஜாக்கோப், பிரென்னர், மெசெல்சன் மூவரும் கால்டெக்கில் சோதித்து அந்தச் சீட்டு இருப்பதைக் காட்டினார்கள். ஃபிரான்சுவா குரோ, ஜேம்ஸ் வாட்சன் குழுவும் தனியாக அதே முடிவுக்கு வந்தது. 1961-ல் இரண்டு கட்டுரைகளும் வெளியாயின. ‘மெசெஞ்சர் ஆர்.என்.ஏ’ என்று அதற்குப் பெயர் கிடைத்தது. கொரோனா தடுப்பூசிக் காலத்தில் எல்லோர் வாயிலும் புழங்கிய அதே எம்.ஆர்.என்.ஏ.

அதே 1961-ல் ஜாக்கோபும் மோனோவும் எல்லாவற்றையும் தொகுத்து ஒரு பெரிய கட்டுரை எழுதினார்கள். எல்லா ஜீன்களும் எல்லா நேரமும் வேலை செய்வதில்லை, ஜீன்களை இயக்கவும் அணைக்கவும் வேறு ஜீன்கள் உண்டு என்பது அதன் சாரம். அதிலும் ஒரு தப்பு இருந்தது. ரிப்ரஸர் ஆர்.என்.ஏ-வாக இருக்கலாம் என்று கருதியிருந்தார்கள். 1966-ல் ஹார்வர்டில் கில்பர்ட், முல்லர்-ஹில் இருவரும் அதைப் பிரித்தெடுத்து, அது புரதம் என்று காட்டினார்கள். தப்பு திருத்தப்பட்டது, கொள்கை பிழைத்தது.

குளியல் தொட்டிக்கு அடியில் இருவர்

சீட்டைத் தேடிக்கொண்டிருந்த அதே மாதங்களில் மோனோ இன்னொரு வேலையிலும் ரகசியமாக இறங்கியிருந்தார். ஹங்கேரியைச் சேர்ந்த ஆக்னஸ் உல்மான் என்ற உயிர்வேதியியலாளர் 1958-ல் அவருடைய ஆய்வகத்துக்கு வந்து பழகியவர். 1956 புரட்சியை சோவியத் டாங்கிகள் நசுக்கிய பிறகு, உல்மானுக்கும் அவருடைய கணவருக்கும் சொந்த நாட்டில் இருப்பதே ஆபத்தாக இருந்தது.

தலைமறைவுக் காலத்து அனுபவம் மோனோவுக்குக் கைகொடுத்தது. சங்கேதக் கடிதங்கள், தோற்றுப்போன திட்டங்கள், மறுபடி புதுத் திட்டம். கடைசியில் 1960-ல், சுற்றுலா வண்டி ஒன்றின் குளியல் தொட்டிக்கு அடியில் ஒளிந்து இருவரும் ஆஸ்திரியா எல்லையைத் தாண்டினார்கள். உல்மான் பாரிஸ் வந்து மோனோவின் ஆய்வகத்திலேயே சேர்ந்தார். பல பத்தாண்டுகள் பாஸ்டர் நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்தார்.

நோபலும் அதற்குப் பிறகும்

1965-ல் ஜாக்கோப், லுவோஃப், மோனோ மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பிரிவில் 1928-க்குப் பிறகு பிரான்ஸுக்கு வந்த முதல் பரிசு. அதே வருடம், வைமன், ஷான்ஷூ என்ற இருவரோடு சேர்ந்து புரதங்கள் வடிவம் மாறி வேலையைக் கட்டுப்படுத்தும் விதத்தை விளக்கும் ‘அலோஸ்டெரி’ மாதிரியையும் வெளியிட்டார். ரிப்ரஸர் லாக்டோஸைக் கண்டதும் ஏன் கழன்றுகொள்கிறது என்பதற்கும் அங்கேதான் விடை.

பரிசு வாங்கிவிட்டு அவர் வீட்டில் உட்காரவில்லை. 1968 மே மாதம் பாரிஸ் மாணவர்களும் போலீஸும் மோதியபோது, நடுவில் நின்று சமாதானம் பேச முயன்றார். 1970-ல் ‘தற்செயலும் தேவையும்’ என்ற பொருள் தரும் தலைப்பில் தத்துவ நூல் எழுதினார். அது பெரும் விவாதத்தைக் கிளப்பியது. 1971-ல் கடன் சுமையில் தவித்த பாஸ்டர் நிறுவனத்தின் இயக்குநரானார். 1972-ல் கருக்கலைப்பு செய்துகொண்ட ஓர் இளம்பெண் மீதான வழக்கு பிரான்ஸை உலுக்கியபோது, எதிர்தரப்பு சாட்சியாக நீதிமன்றம் போனார். அதே வருடம் ஓதெத் இறந்தார்.

1976 மே 31 அன்று ரத்தப் புற்றுநோயால், சின்ன வயதில் படகு ஓட்டிய அதே கேன்ஸ் நகரத்தில் மோனோ காலமானார். வயது 66.

இன்று அந்த பிரேக் எங்கே?

மோனோ இறந்த மறுவருடம், 1977-ல், அமெரிக்காவில் ஆராய்ச்சியாளர்கள் ஒரு மனித ஹார்மோனை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் தயாரித்துக் காட்டினார்கள். 1978-ல் மனித இன்சுலினும் அப்படித் தயாரானது. 1982-ல் அது மருந்தாக விற்பனைக்கு அனுமதி பெற்றது. அதற்கு முன்பு சர்க்கரை நோயாளிகள் மாடு, பன்றியின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலினைத்தான் போட்டுக்கொண்டார்கள்.

பாக்டீரியாவுக்குள் மனித ஜீனை வைத்தால் மட்டும் போதாது. அதை எப்போது ஓடவிடுவது என்று ஒரு ஸ்விட்ச் வேண்டும். அந்த முதல் சோதனைகளில் பயன்பட்டது லாக் ஸ்விட்ச்தான். இன்றும் உயிரித் தொழில்நுட்ப ஆய்வகங்களில் பாக்டீரியாவை வைத்துப் புரதம் தயாரிப்பவர்கள் ‘ஐபிடிஜி’ என்ற பொடியைக் கரைத்து ஊற்றுவார்கள். பாக்டீரியாவால் உடைக்க முடியாத, ஆனால் பிரேக்கை விடுவிக்கக்கூடிய ஒரு போலி லாக்டோஸ் அது. மோனோவும் கோனும் களிமண் அச்சுக் கதையை உடைக்கப் பயன்படுத்திய அதே வகைப் போலி.

மோனோ முதலில் வைத்திருந்த கொள்கையை விடாமல் பிடித்திருந்தால், இந்த ஸ்விட்சைத் தேடியிருக்கவே மாட்டார். ஆசிரியர் சர்க்கரை என்று நம்புகிறவருக்கு பிரேக் எதற்கு? கட்சி தப்பு என்று தெரிந்தபோது கட்சியை விட்டார். அதைவிடக் கஷ்டமானதையும் செய்தார். தன் கையால் மாற்றி அமைத்த பாக்டீரியா, தன் கொள்கைக்கு எதிராகச் சாட்சி சொன்னபோது, பாக்டீரியாவின் பக்கம் நின்றார்.

அடுத்த முறை யாராவது லாக் ஓபரான் படத்தைக் காட்டினால், மேலே ஏறும் கோட்டின் நடுவே வந்த அந்தச் சின்னச் சமதளத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். மோனோவின் கதை தொடங்கியது அங்கேதான்.